வடகடலில் (பாக் விரிகுடாவில்) பிள்ளைகளுடன் இரவுத் தூண்டிலுக்குச் செல்லலாமா?

பரமக்குடித் தந்தை:

அனைவருக்கும் வணக்கம். என் மனைவியின் ஊர் திருப்பாலைக்குடிக்கு அருகிலுள்ள ஒரு மீனவக் கிராமம். தீபாவளி விடுமுறைக்கு அங்கே செல்லவிருக்கிறோம். என் 14 வயது மகனையும் 11 வயது மகளையும் ஓர் இரவு தம் நாட்டுப்படகில் தூண்டில் போட அழைத்துச் செல்வதாக என் மைத்துனர் வாக்களித்திருப்பதால், பிள்ளைகள் இருவரும் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மைத்துனர் முப்பது ஆண்டுகளாகக் கடல் தொழில் செய்பவர். அவருடைய திறமையில் எனக்குச் சிறிதும் ஐயம் இல்லை. ஆனால், லைஃப் ஜாக்கெட் வாங்கி வரட்டுமா என்று நான் கேட்டபோது, "தாய்மாமன் நான் கூட இருக்கும்போது அதெல்லாம் எதற்கு?" என்று சொல்லிவிட்டார். வைகை மணலில் விளையாடி வளர்ந்த எனக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. என்னென்ன ஏற்பாடுகளுடன் செல்ல வேண்டும், அவர் மனம் நோகாமல் இதை எப்படிப் பேச வேண்டும் என்று கடலறிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவிபட்டினத்துப் பெரியவர்:

தம்பி, முதலில் மாதத்தைப் பாருங்கள். தீபாவளி ஐப்பசியில் வருகிறது. அது வாடைக்காற்று இறங்கும் காலம். நம் வடகடலின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைவான ஆழமே உடையது என்பதால், ஆழம் குறைந்த கடலில் ஆபத்தும் குறைவு என்று வெளியூர்க்காரர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. ஆழமில்லாத நீரில் காற்று சற்று ஓங்கினாலே அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்து எழும். ஓர் அலையிலிருந்து படகு நிமிர்வதற்குள் அடுத்தது ஏறிவிடும்.

இருபது ஆண்டுகளுக்கு முன் இதே ஐப்பசியில் நாங்கள் மூவர் வத்தை என்னும் சிறு படகில் சென்றிருந்தோம். வடகிழக்கு மூலை கறுத்திருந்தது. மழை வருவதற்குள் வலையை எடுத்துவிடலாம் என்று நினைத்தோம். வீசிக்கொண்டிருந்த காற்று திடீரென்று நின்று, பிறகு குளிர்ந்த காற்றாகத் திரும்பி அடித்தபோது வத்தை கவிழ்ந்தது. எங்களில் நன்றாக நீந்தத் தெரிந்தவர், கரையின் விளக்கு கண்ணுக்குத் தெரிகிறது என்று சொல்லி நீந்தத் தொடங்கினார். நீச்சல் அரைகுறையாகத் தெரிந்த நாங்கள் இருவரும் கவிழ்ந்த வத்தையைப் பற்றிக்கொண்டு கிடந்தோம். விடிந்ததும் எங்களைக் கண்டெடுத்தார்கள், அவர் கிடைக்கவில்லை. அன்று அவர் உடம்பில் ஒரு மிதவை இருந்திருந்தால் என்று நினைக்காமல் இன்றுவரை நான் கடலைப் பார்த்ததில்லை. உங்கள் மைத்துனரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். தொழில்காரர் என்பதால் அவருக்குப் புரியும்.

வேலை செய்யும்போது ஜாக்கெட்டின் வார் வலையில் மாட்டும், வெயிலில் உடம்பு வேகும் என்பதால் எங்களில் பலர் அதை அணிவதில்லை. அந்தக் காரணங்கள் வலை வீசாமல் இரவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. வாங்கும்போது பிள்ளைக்கு அணிவித்து, வார்களை இறுக்கி, இரு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரிது. கால்களுக்கிடையே வார் உள்ளதாக இருந்தால் மிகவும் நல்லது.

விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதற்கான அனுமதி டோக்கனை மீன்வளத் துறை நிறுத்திய நாளிலும், பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்ட நாளிலும், நாட்டுப்படகு என்பதற்காக விலக்குத் தேட வேண்டாம். இடி மின்னல் அறிகுறி இருந்தாலும் இறங்க வேண்டாம். திறந்த கடலில் உயர்ந்து நிற்பது உங்கள் படகு ஒன்றுதான்.

கடற்கரைச் செவிலியர்:

பெரியவர் சொன்னவற்றோடு முட்கடி பற்றி மட்டும் சேர்க்கிறேன். எங்கள் சுகாதார நிலையத்துக்கு மிகுதியாக வருவது அதுதான். வடகடலோரத்தில் படகுகள் தள்ளி நிற்பதால் முழங்கால் நீரில் வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கும். அங்கே மணலில் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதித்தால் வாலால் அடித்துவிடும். பாதத்தைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடந்தால் அது அதிர்வை உணர்ந்து விலகிச் செல்லும். தூண்டிலில் ஏறும் கெளிறு, ஓரா போன்ற மீன்களைப் பிள்ளைகள் வெறுங்கையால் கழற்றக் கூடாது. அவற்றின் முள்ளிலும் நஞ்சு உண்டு.

அடிபட்டால் கயிறு கட்டுவதும், கீறிவிடுவதும், சுண்ணாம்பு வைப்பதும் வேண்டாம். இந்த நஞ்சு வெப்பத்தில் சிதையக்கூடியது. தாங்கக்கூடிய சூட்டில், அதாவது 45 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில், அடிபட்ட இடத்தை 30 முதல் 90 நிமிடம் வரை வைத்திருந்தால் வலி நன்றாகக் குறையும். அடிபட்ட கால் மரத்திருக்கக்கூடும் என்பதால் சூட்டை மற்றவர் தம் கையால் பார்த்த பிறகே வைக்க வேண்டும். குழந்தைகளின் தோல் வெந்துபோன நிகழ்வுகளைக் கண்டிருக்கிறேன். ஒரு பெரிய பிளாஸ்கில் வெந்நீர் கொண்டு செல்லுங்கள். வலி அடங்கினாலும் மருத்துவமனைக்கு வந்து டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். முள் மார்பிலோ வயிற்றிலோ பாய்ந்திருந்தால் அதைப் பிடுங்காமல் அப்படியே அழைத்து வாருங்கள்.

கடல்பாம்பு கடித்தால் தொடக்கத்தில் வலியே இராது. அரை மணி முதல் சில மணி நேரத்துக்குள் தசைவலியும், அதன் பிறகு சிறுநீர் கறுப்பதும் தோன்றும். நம் மருத்துவமனைகளில் உள்ள வழக்கமான பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கானது; கடல்பாம்புக்கு உரியதன்று. ஆகவே வலியில்லை என்று காத்திருக்காமல், கடிபட்டவரை நடக்க விடாமல், மூச்சுக்கருவி உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பாசி எடுக்கும் வீட்டுப் பெண்:

அண்ணன், பெரியபட்டினம் பக்கத்துக்காரி நான். ஐப்பசியில் வடகடல் கலங்கியிருக்கும்போது எங்கள் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தேதியை மாற்ற முடியாதென்றால் இந்தப் பக்கம் உறவினர் எவரேனும் இருக்கிறார்களா என்று பாருங்கள். ஆனால் தீவில் இறங்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் இசையாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் அங்கே இறங்கத் தடை உண்டு. பார்களின், அதாவது பவளப் பாறைகளின், மேல் நடக்கவும் வேண்டாம். எங்கள் அம்மா விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாசிக்கு இறங்குவார். அப்படியும் கை கிழியாத நாள் குறைவு.

உங்கள் மைத்துனரிடம், "உங்களை நம்பாமல் வாங்கவில்லை, அலை வந்தால் நீங்கள் படகைப் பார்ப்பீர்களா, இரண்டு பிள்ளைகளையும் பார்ப்பீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.

பரமக்குடித் தந்தை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு பெரியவரின் பதிவை மைத்துனருக்கு முழுவதுமாக வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தமக்கும் சேர்த்து மூன்று ஜாக்கெட் வாங்கி வரச் சொன்னார். இரவுப் பயணத்தைத் தை மாதத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், தீபாவளிக்குப் பகலில் கரையிலிருந்தே தூண்டில் போடலாம் என்பதும் அவர் சொன்னதுதான். அந்த இரவுப் பயணத்தின்போது கரையில் இருக்கும் நான் என்ன செய்ய வேண்டும்?

தேவிபட்டினத்துப் பெரியவர்:

நல்ல முடிவு, தம்பி. படகின் பதிவு எண்ணையும், எத்தனை பேர், எந்தத் திசை, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்பதையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் கடந்தும் தொடர்பு கிடைக்கவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்காமல் முதலில் ஊர்த் தலைவரிடம் சொல்லுங்கள்; பக்கத்துப் படகுகள்தான் எல்லோருக்கும் முன்பாகப் போய்ச் சேரும். உடனேயே கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்களை அழையுங்கள். மைத்துனரின் கைப்பேசியை நீர் புகாத உறையில் போட்டு, படகில் வைக்காமல் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.