உறைமண்ணில் பைல் நிற்காமல் இறங்குகிறது. லோடு டெஸ்ட் சரியாக வந்தும் ஏன் இப்படி?

கேள்வி

வணக்கம். நிரந்தர உறைமண்ணில் (ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் மண்) கட்டடத்தைத் தாங்க 16 ஸ்டீல் பைப் பைல் (மண்ணுக்குள் இறக்கும் அடித்தளத் தூண்) போட்டிருக்கிறோம். 4-க்கு 4 வரிசை, இடைவெளி 2.5 மீட்டர். பைல் விட்டம் 40 செ.மீ. 60 செ.மீ. விட்டத்தில் 10 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, பைலை இறக்கி, சுற்றிலும் மணல் ஸ்லரி (மணலும் தண்ணீரும் கலந்த குழம்பு) ஊற்றினோம். பைலின் உள்பக்கம் காலி. மேல் 2 மீட்டர் கோடையில் உருகும் அடுக்கு. அதற்குக் கீழே பனி மிகுந்த வண்டல். துளையிடும் முன் அதன் வெப்பநிலை மைனஸ் 1.2 டிகிரி.

ஒரு பைலுக்கு நிரந்தரச் சுமை 300 கிலோநியூட்டன். உருகும் அடுக்கை விட்டுவிட்டு மீதி 8 மீட்டரை மட்டும் எடுத்தால் பக்கவாட்டு உராய்வழுத்தம் 30 கிலோபாஸ்கல்தான். டெஸ்ட் பைலில் 600 கிலோநியூட்டன் ஏற்றி 24 மணி நேரம் வைத்தோம், 1.5 மி.மீ. இறங்கி அடங்கிவிட்டது.

வேலைப் பைல்களில் சுமை ஏறிய பிறகு நடு நான்கின் இறக்கம்: 1-ம் நாள் 1.0 மி.மீ., 10-ம் நாள் 1.9, 30-ம் நாள் 3.1, 60-ம் நாள் 4.7, 90-ம் நாள் 6.3. மூலைப் பைல்கள் 90 நாளில் 3.4 மி.மீ.தான். மண் எங்குமே மைனஸில்தான் இருக்கிறது: 3 மீட்டரில் மைனஸ் 0.2, 5-ல் மைனஸ் 0.3, 8-ல் மைனஸ் 0.5. சுமை அதிகமாகிவிட்டதா? கூடுதல் பைல் போடலாமா?

பதில் 1

கூடுதல் பைல் போட வேண்டாம். அதை இப்போது செய்தால் நிலைமை மோசமாகும். காரணம் பின்னால் வருகிறது.

முதலில் உங்கள் எண்களை இறக்கமாகப் பார்க்காமல் வேகமாகப் பாருங்கள். 10 முதல் 30-ம் நாள் வரை ஒரு நாளைக்கு 0.06 மி.மீ. 30 முதல் 60 வரை 0.053. 60 முதல் 90 வரையும் அதே 0.053. உறைமண்ணின் ஊர்வில், அதாவது மாறாத சுமையில் மெல்ல மெல்ல நகர்வதில், முதல் கட்டத்தில் வேகம் குறைந்துகொண்டே வரும், இரண்டாம் கட்டத்தில் ஒரே சீராக ஓடும், மூன்றாம் கட்டத்தில் ஏறத் தொடங்கும். நீங்கள் இரண்டாம் கட்டத்துக்குள் வந்துவிட்டீர்கள். இது தானாக அடங்காது. இப்படியே விட்டால் ஆண்டுக்கு 19 மி.மீ.

சுமை மேல் குற்றம் இருக்கிறதா என்று ஒரு கணக்கு போடலாம். பனி மிகுந்த மண்ணில் பைல் இறங்கும் வேகத்தை ஆரத்தால் வகுத்தால் வருவது, 4.5 × ஊர்வுக் குணகம் × உராய்வழுத்தத்தின் மும்மடி. மைனஸ் 1 டிகிரியில் குணகம் 4.5 × 10⁻⁸ (கிலோபாஸ்கல், ஆண்டு அலகில்). 30-ஐ மும்மடியாக்கினால் 27,000. ஆரம் 0.2 மீட்டர். விடை ஆண்டுக்கு 1.1 மி.மீ. அதாவது மண் மைனஸ் 1-ல் இருந்தால் உங்கள் வடிவமைப்பு சரியானதே. நடப்பது அதைப்போல் 17 மடங்கு. குற்றம் வெப்பநிலையில் இருக்கிறது.

டெஸ்ட் பைலை எப்போது, எங்கே போட்டீர்கள்? ஸ்லரிக்கு எந்தத் தண்ணீர்?

கேட்டவர்

டெஸ்ட் பைல் குளிர்காலத்தில், தனியாக, 20 மீட்டர் தள்ளிப் போட்டது. ஆறு வாரம் உறையவிட்டு டெஸ்ட் செய்தோம். அப்போது மைனஸ் 1.0 டிகிரி. வேலைப் பைல்கள் கோடைக் கடைசியில், நான்கு நாளில் 16-ம் போட்டது. ஸ்லரி ஊற்றும்போது பிளஸ் 5 டிகிரி. மணலின் உலர் எடை கன மீட்டருக்கு 1,600 கிலோ, ஈரம் 25 சதவீதம். தண்ணீர் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர்.

பதில் 1

அப்படியானால் விடை அந்த ஸ்லரித் தண்ணீருக்குள்தான் இருக்கிறது.

துளைக்கும் பைலுக்கும் நடுவிலுள்ள வளையத்தின் பரப்பு 0.157 சதுர மீட்டர். ஒரு கன மீட்டர் ஸ்லரியில் 400 கிலோ தண்ணீர். ஒரு கிலோ தண்ணீர் உறையும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை வெளியே விடும். பெருக்கினால், பைலின் ஒவ்வொரு மீட்டருக்கும் 21 மெகாஜூல். பிளஸ் 5-லிருந்து சுழிக்கு ஆற வெளிப்படுவது வெறும் 2.3 மெகாஜூல்தான். ஸ்லரியின் சூட்டைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். தண்ணீரின் அளவைத்தான் கவனித்திருக்க வேண்டும்.

இந்த 21 மெகாஜூலையும் சுற்றியுள்ள மண்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். 2.5 மீட்டர் கட்டத்தில் ஒரு பைலுக்குக் கிடைக்கும் மண் 6.25 சதுர மீட்டர். உறைந்த மண்ணின் வெப்பக் கொள்ளளவு கன மீட்டருக்கு டிகிரிக்கு ஏறக்குறைய 2 மெகாஜூல். ஆக, வெப்பநிலை உயர வேண்டிய அளவு 1.7 டிகிரி. உங்கள் மண்ணிடம் இருந்ததோ 1.2 டிகிரிக் குளிர்தான். ஸ்லரி முழுதாக உறையப் போதுமான குளிர் அந்தக் கட்டத்துக்குள் இல்லவே இல்லை. மூலைப் பைலுக்கு வெளிப்பக்க மண் உதவிக்கு வரும், நடுப் பைலுக்கு அந்த வழியில்லை. மூலையில் 3.4, நடுவில் 6.3 என்று வந்தது இதனால்தான். தனிப் பைலின் டெஸ்ட் இதை எப்படியும் காட்டியிருக்காது.

இப்போது கூடுதல் பைல் போட்டால் ஒவ்வொன்றும் இன்னும் 200-க்கு மேல் மெகாஜூலைக் கொண்டுவந்து அதே மண்ணில் கொட்டும்.

பதில் 2

மேலே சொன்ன கணக்கு சரி. இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். "எங்குமே மைனஸில்தான் இருக்கிறது" என்று நிம்மதியாக இருக்க முடியாது. மைனஸ் 0.3 என்றால் உறைந்தது என்று பொருளில்லை.

முதல் வேலை, தெர்மிஸ்டரை (வெப்பநிலை அளக்கும் சென்சார்) சோதிப்பது. காய்ச்சி வடித்த நீரில் செய்த பனிக்கட்டியைப் பொடியாக இடித்து, அதே நீரை இடைவெளி நிறையும் அளவுக்கு ஊற்றி, கிளறி, சென்சாரை உள்ளே வைத்து அரை மணி நேரம் விடுங்கள். சுழி காட்ட வேண்டும். 0.1 டிகிரி பிசகினாலும் இங்கே முடிவு மாறிவிடும்.

அடுத்தது, கிணற்றுத் தண்ணீரின் உப்பு. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு, உறைநிலை மைனஸ் 1.9. கிட்டத்தட்ட ஒரு கிராமுக்கு 0.054 டிகிரி இறங்கும். உறையும்போது பனி உப்பை வெளியே தள்ளிவிடுவதால் மிச்சமுள்ள நீர் மேலும் மேலும் உப்பேறும், உறைநிலையும் கூடவே இறங்கிக்கொண்டு போகும்.

கேட்டவர்

தெர்மிஸ்டர் சரி, 0.03-க்குள் இருக்கிறது. தண்ணீரில் லிட்டருக்கு 3 கிராம் உப்பு.

பதில் 2

3 கிராமுக்கு உறைநிலை மைனஸ் 0.16. ஒரு வெப்பநிலையில் எவ்வளவு நீர் உறையாமல் கிடக்கிறது என்று தெரிய 0.16-ஐ அந்த வெப்பநிலையால் வகுத்தால் போதும். 3 மீட்டரில், மைனஸ் 0.2-ல், 80 சதவீதம் இன்னும் நீர். 5 மீட்டரில் 54 சதவீதம். 8 மீட்டரில் 32. மேல் பாதியில் பைலைப் பிடித்திருப்பது ஈரமணல், பனியல்ல. பிடிப்பு முழுதும் அடிப்பகுதியில்தான். 30 கிலோபாஸ்கல் என்ற உங்கள் சராசரி அங்கே பொருந்தாது; கீழே உண்மையான அழுத்தம் அதைவிடக் கணிசமாக அதிகம். ஊர்வு வேகம் அழுத்தத்தின் மும்மடியாக ஏறுவதை நினைவில் வையுங்கள். அதே மண் மைனஸ் 1.2-க்குத் திரும்பினால் உறையாத நீர் 13 சதவீதமாகிவிடும்.

சுமையைக் குறைத்துச் சரிசெய்யப் பார்த்தால், வேகத்தை 19-லிருந்து 1 மி.மீ.க்குக் கொண்டுவர 19-ன் மும்மடி மூலம், அதாவது 2.7 மடங்கு, சுமையைக் குறைக்க வேண்டும். 300 போய் 112 கிலோநியூட்டன். எந்தக் கட்டடமும் அதற்கு இடம் கொடுக்காது. குளிரவைப்பதுதான் வழி.

பதில் 1

பைலின் உள்பக்கம் காலியாக இருப்பது பெரிய வசதி. அடியில் மூடிய ஒரு குழாயை உள்ளே இறக்கி, அதற்குள் இன்னொரு மெல்லிய குழாய் விட்டு, மைனஸ் 8 டிகிரி கிளைக்கால் கரைசலை (அந்தக் குளிரிலும் உறையாத திரவம்) சுற்றவிடுங்கள். குழாய்க்கும் பைலுக்கும் நடுவே ஈரமணல் நிரப்புங்கள், அதற்கு நல்ல தண்ணீர்தான். காற்று இருந்தால் குளிர் வெளியே போகாது. கரைசல் கசிந்தால் அதுவே மண்ணை உருக்கிவிடும். அதனால் குழாயை இறக்கும் முன் அழுத்தச் சோதனை கட்டாயம்.

ஒரு பைலிலிருந்து எடுக்க வேண்டிய வெப்பம், மீட்டருக்கு 21-ம் 2.3-ம் சேர்த்து 10 மீட்டருக்கு, ஏறக்குறைய 233 மெகாஜூல், அதாவது 65 யூனிட். மண்ணின் வழியே ஒரு பைலுக்கு அரை கிலோவாட் அளவுக்குத்தான் வெப்பம் வெளியே வரும். மண் குளிரக் குளிர அதுவும் குறையும். கணக்கில் ஐந்தரை நாள். இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு நான்கில் தொடங்குங்கள்.

பிறகு அதே குழாய்களில் தெர்மோசைஃபன் (மின்சாரம் இல்லாமல் மண்ணின் வெப்பத்தை மேலே கொண்டுபோகும் மூடிய குழாய்) வைத்துவிடலாம். 1977-ல் முடிந்த அலாஸ்கா எண்ணெய்க் குழாய்ப் பாதையின் தாங்கிகளில் அம்மோனியா நிரப்பிய வெப்பக் குழாய்கள் செய்வது இதே வேலைதான். வெளிக்காற்று மண்ணைவிடக் குளிராக இருக்கும்போது மட்டுமே அது வெப்பத்தை மேலே தூக்கும். கோடையில் சும்மா நிற்கும். ஆகவே இப்போதைய அவசரத்துக்கு உதவாது. கட்டடத்துக்கு அடியில் பனி சேராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பனிப்போர்வை குளிர்காற்றை மண்ணுக்கு அண்டவிடாது.

பதில் 3

குளிர்காலம் வருமுன் இதையும் கவனியுங்கள். மேல் 2 மீட்டர் உறையும்போது பைலைப் பற்றிக்கொண்டு மேலே இழுக்கும். தொடுபரப்பு 2.5 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 100 கிலோநியூட்டன் என்று வைத்தாலும் 250 கிலோநியூட்டன் மேல்நோக்கி. 150 என்றால் 375, உங்கள் சுமையையே மிஞ்சிவிடும். கீழ்ப்பகுதி மைனஸ் 0.3-ல் அரைகுறையாக இருக்கையில் பிடித்து நிறுத்த ஆளில்லை. இவ்வளவு நாள் இறங்கிய பைல் அப்போது ஏறும். அந்த 2 மீட்டரைத் தோண்டி, பைலில் கனமாக கிரீஸ் பூசி, பாலிதீன் தாளை இரண்டு சுற்று சுற்றி, கரடுமணலால் நிரப்புங்கள். வண்டலைத் திரும்பப் போட வேண்டாம், அது தண்ணீரை உறிஞ்சி மேலே இழுத்துப் பனிப்படலம் கட்டும்.

கேட்டவர்

மிக்க நன்றி. அடுத்த கட்டடத்துக்கு 24 பைல் போட வேண்டும். துளையைச் சிறிதாக்கினால் போதுமா?

பதில் 1

50 செ.மீ. துளை போட்டால் வளையம் 0.071 சதுர மீட்டர், வெப்பம் மீட்டருக்கு 9.5 மெகாஜூல். அதே 2.5 மீட்டர் கட்டத்தில் 0.75 டிகிரி உயர்வு. மைனஸ் 1.2 மண் அதைத் தாங்கிவிடும், ஆனால் திரும்பிக் குளிர நாள் பிடிக்கும். அதற்கும் சிறிதாக்கினால் ஸ்லரியைக் கெட்டிக்கும் அதிர்வுக் கருவி இறங்காது, வெற்றிடம் விழும். தண்ணீரில் உப்பு லிட்டருக்கு அரை கிராமுக்குள் இருக்கட்டும். குளிர்காலத்தில், ஒன்று விட்டு ஒன்றாகப் போடுங்கள். ஒவ்வொரு பைலிலும் 3, 5, 8 மீட்டரில் தெர்மிஸ்டர் வையுங்கள். மூன்றும் மைனஸ் 1-க்குக் கீழே போய், ஒரு வாரம் அங்கேயே நின்ற பிறகுதான் சுமை ஏற்ற வேண்டும்.

இப்போதுள்ள 16 பைல்களுக்கும் அதே அளவுகோல்தான். அதுவரை ஜாக்கி வைத்து மட்டம் தூக்க வேண்டாம். ஊர்ந்துகொண்டிருக்கும் பைலின் மேல் ஜாக்கி வைத்தால், தூக்குகிற ஒவ்வொரு மி.மீ.க்கும் பக்கத்துப் பைலின் சுமை அதன் தலையில் ஏறும்.