யுரேனியக் கதிர்களின் அளவை மேரி கியூரி எவ்வாறு கண்டறிந்தார்?

கேள்வி:
1896இல் ஹென்றி பெக்கெரல் யுரேனிய உப்பின் கதிர்களைப் புகைப்படத் தகட்டில் கண்டார் என்று பாடநூல்கள் கூறுகின்றன. தகடு கறுப்பதைக் கொண்டு கதிர் உண்டு என அறியலாமே தவிர, ஒரு தாதுவின் கதிர்வீச்சு மற்றொன்றினுடையதைப் போல் எத்தனை மடங்கு என்று சொல்வது கடினம். அவ்வாறிருக்க, இரண்டே ஆண்டுகளில் மேரி கியூரி தாதுக்களை எண்களால் ஒப்பிட்டது எக்கருவியைக் கொண்டு?

மறுமொழி 1:
இக்கதிர்கள் காற்றை மின்கடத்தியாக்குகின்றன என்பதைப் பெக்கெரலே கண்டிருந்தார். அவ்வாறு காற்றின் வழியே பாயும் மின்னோட்டத்தையே மேரி கியூரி அளந்தார். 8 செ.மீ. விட்டமுள்ள இரு உலோகத் தட்டுகளை 3 செ.மீ. இடைவெளியில் வைத்து, கீழ்த்தட்டில் தாதுப் பொடியைப் பரப்பி, அதற்கு 100 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால், மேல்தட்டில் மின்னூட்டம் சேர்ந்து, அத்துடன் இணைந்த மின்மானியின் (மின்னூட்டத்தைக் காட்டும் கருவியின்) ஒளிப்புள்ளி நகரும். மேரியின் கணவர் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும் 1880இல் கண்டறிந்த அழுத்தமின் விளைவு (சில படிகங்களை அழுத்தினாலோ இழுத்தாலோ மின்னூட்டம் தோன்றுவது) இங்கே கைகொடுத்தது. எடையால் இழுக்கப்படும் குவார்ட்ஸ் தகடு வெளியிடும் எதிர் மின்னூட்டத்தைக் கொண்டு ஒளிப்புள்ளியைச் சுழியிலேயே நிறுத்தி, அதற்கான நேரத்தைக் குறித்தால், மின்னூட்டத்தை நேரத்தால் வகுத்து மின்னோட்டத்தைப் பெறலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஒளிப்புள்ளி நகரும் வேகத்தை மட்டுமே அளந்திருக்கலாம் அல்லவா? குவார்ட்ஸ் எதற்கு?

மறுமொழி 2:
அவ்வாறும் அளக்கலாம், ஆனால் மேல்தட்டின் மின்னழுத்தம் ஏற ஏற, காப்புப் பொருள்களின் வழியே மின்னூட்டம் கசியும். பாரிஸில் அவருக்குக் கிடைத்த ஆய்வறையோ ஈரம் மிகுந்தது, குளிரும் கடுமை. மேல்தட்டைச் சுழியிலேயே வைத்திருந்தால் கசிவுக்கு இடமில்லை. என் கருத்தில், நுட்பம் கருவியைவிட இந்த முறையில்தான் இருக்கிறது.

மறுமொழி 3:
விளைவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1898 ஏப்ரலில் வெளியான குறிப்பில், யுரேனிய உலோகத்துக்கு ஆம்பியரின் ஒரு லட்சம் கோடியில் 24 பங்கும், ஜெர்மானியச் சுரங்கமொன்றின் பிட்ச்பிளெண்டு என்ற யுரேனியத் தாதுவுக்கு 83 பங்கும் மின்னோட்டமாகப் பதிவாகியுள்ளன. யுரேனியத்தைக் கொண்ட தாது யுரேனியத்தையே விஞ்சுவதால், அதில் அறியப்படாத தனிமம் இருக்க வேண்டும் என அவர் ஊகித்தார். சால்கோலைட் என்ற மற்றொரு யுரேனியத் தாதுவும் இயற்கையில் கிடைக்கும் நிலையில் யுரேனியத்தை விஞ்சவே, அதைத் தூய பொருள்களிலிருந்து செயற்கையாகத் தயாரித்து அளந்து, மிகை ஏதும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டார். பிறகு, பிரித்தெடுத்த ஒவ்வொரு கூறையும் அதே தட்டில் வைத்துப் பார்த்தே கியூரி தம்பதியர் ஜூலையில் பொலோனியத்தையும் டிசம்பரில் ரேடியத்தையும் அறிவித்தனர்.

ஆயினும் இம்முறை மொத்த மின்னோட்டத்தையே தரும். கதிர்வீச்சில் வெளிப்படும் துகள்களை ஒவ்வொன்றாக எண்ணாது. அதை 1908இல் மான்செஸ்டரில் இயற்பியலாளர்கள் ரூதர்ஃபோர்டும் கைகரும் செய்து, ஒரு கிராம் ரேடியம் வினாடிக்கு ஏறத்தாழ 3,400 கோடி ஆல்பா துகள்களை வெளியிடுவதாகக் கணக்கிட்டனர்.