கீபோர்டு ஆம்ப்: கலைச்சொல் வேண்டும், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

கோவை இசை ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மாணவர்களுக்கு ஒரு சிறு கையேடு தயாராகிறது. மேடையில் கீபோர்டு வாசிக்கப் போகிறவர் தன் கைக்காசில் எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதுதான் பொருள். எல்லாம் எழுதியாகிவிட்டது. ஓர் இடத்தில் மட்டும் வண்டி நிற்கிறது.

கீபோர்டுக்கென்றே விற்கும் ஆம்ப் உண்டு, ரோலண்டின் கேசி வரிசை மாதிரி. சின்ன மிக்ஸர், பவர் ஆம்ப், ஸ்பீக்கர் மூன்றும் ஒரே பெட்டிக்குள். நாமே தூக்கிப்போய் நமக்குப் பின்னால் வைத்துக்கொள்வது. இதற்கு 'ஒலிபெருக்கி' என்று எழுதினேன். அடுத்த பத்தியில் அரங்கின் இரு பக்கமும் நிற்கும் ஸ்பீக்கர் வருகிறது, அதுவும் ஒலிபெருக்கி. அதற்கடுத்து வெறும் பவர் ஆம்ப், அதுவும் ஒலிபெருக்கி. வரைவைப் படித்த ஒரு மாணவர், "ஒலிபெருக்கியை ஒலிபெருக்கியுடன் இணைக்கவும் என்றால் எதை எதோடு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

ஒரு சொல் தாருங்கள். வரைவை இணைத்திருக்கிறேன்.

திருச்சி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, முதலில் ஒரு திருத்தம். மூன்றாம் பக்கத்தில் 'ஒலிப்பெருக்கி' என்று வந்திருக்கிறது. ஒலியைப் பெருக்குவது என்று விரியும், இரண்டாம் வேற்றுமை. வலி மிகாது. இடிதாங்கி, சுமைதாங்கி என்கிறோமே, அப்படி. இது தட்டச்சுப் பிழையாக இருக்கலாம், ஆனாலும் மாணவர் கையில் போகிற நூல். சொல்லைப் பற்றி யோசித்துவிட்டு நாளை எழுதுகிறேன்.

சென்னை, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்:

'கையடக்கப் பெருக்கி' போதாதா? கையடக்கத் தொலைபேசி புழக்கத்தில் இருக்கிறது. 'பெருக்கி' பாடநூலில் இருக்கிறது. மேல்நிலை இயற்பியலில் ஆப்-ஆம்ப் என்ற மின்சுற்றுக்குச் 'செயல்பாட்டுப் பெருக்கி' என்றுதானே படித்தோம்? இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதிதாகத் தேடுவானேன்?

மதுரை ஒலி அமைப்பாளர்:

தம்பி, கையடக்கம் என்றால் கைக்குள் அடங்க வேண்டும். கியூ.எஸ்.சி. கே10.2 என்ற பெட்டி 14.5 கிலோ. அது இலகுவான ரகம் என்று பெயர் வாங்கியது! 15 அங்குல ஸ்பீக்கர் போட்ட கீபோர்டு ஆம்ப் 25 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. கல்யாண மண்டபத்தின் பின்பக்கப் படியில் அதை ஏற்றிவிட்டு வந்து 'கையடக்கம்' என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

எனக்குச் சொல்லைவிடக் கையேட்டில் என்ன இருக்கப் போகிறது என்பதில்தான் அக்கறை. கிட்டார் ஆம்ப்பில் கீபோர்டைச் சொருகாதே என்று முதல் பக்கத்திலேயே போடுங்கள். கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸை ஒட்டிச் சரிய ஆரம்பித்துவிடும். கிட்டாருக்கு அதுதான் அழகு. பியானோவின் கடைசி 'சி' கட்டையே 4,186 ஹெர்ட்ஸ், அதன் மேல்தொனிகள், அதாவது அடித்தொனியோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த தொனிகள், எல்லாம் அதற்கும் மேலே. அவை போய்விட்டால் கம்பளிக்குள்ளிருந்து வாசிக்கிற மாதிரி இருக்கும். கீழ்க்கோடி 'ஏ' 27.5 ஹெர்ட்ஸ். 10 அங்குலப் பெட்டியும் அதை முழுசாகத் தராது. ஆனால் மேல்தொனிகள் ஒழுங்காக வந்தால் காது அடித்தொனியைத் தானே ஊகித்துக்கொள்ளும், கவலையில்லை.

அப்புறம் வாட். அட்டைப்பெட்டியில் 2000 வாட் என்று கொட்டை எழுத்தில் இருந்தால் அது கண நேர உச்சக் கணக்கு. வாட்டை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். 150 வாட் பெட்டியை விற்றுவிட்டு 300 வாட் வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம், அந்தக் காசுக்கு நல்ல ஸ்டாண்டு ஒன்று வாங்கிப் பெட்டியைக் காது உயரத்துக்கு ஏற்று என்றுதான் சொல்வேன்.

சொல்? நாங்கள் 'ஆம்ப்' என்போம். எல்லாருக்கும் விளங்குகிறது.

யாழ்ப்பாணம், இயற்பியல் ஆசிரியர்:

இலங்கைப் பாடநூல்களில் இது 'விரியலாக்கி'. சென்னை நண்பர் சொல்லும் செயல்பாட்டுப் பெருக்கி எங்களுக்குச் 'செயற்பாட்டு விரியலாக்கி'. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் அதை எழுதித்தான் பரீட்சை எடுக்கிறார்கள். 'ஒலிபெருக்கி'யை ஸ்பீக்கருக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, ஆம்ப்பை 'விரியலாக்கி' என்றால் ஆசிரியையின் பிரச்சினை அரைவாசி தீர்ந்துவிடும். இன்னொன்று: இரண்டு சைகைகளை உண்மையாகவே பெருக்கித் தரும் மின்சுற்றும் இருக்கிறது. 'பெருக்கி'யை ஆம்ப்புக்குக் கொடுத்துவிட்டால் அதற்கு என்ன மிஞ்சும்?

சென்னை, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்:

சார், தமிழ்நாட்டு மாணவர் 'விரியலாக்கி' என்று படித்தால் ஏதோ பாய் விரிக்கிற இயந்திரம் என்று நினைப்பார்.

யாழ்ப்பாணம், இயற்பியல் ஆசிரியர்:

'பெருக்கி' என்று படித்தால் உங்கள் ஊர்ப் பிள்ளைக்கு விளக்குமாறு நினைவு வராதா? நாங்கள் முற்றத்தைக் கூட்டுகிறோம், நீங்கள் பெருக்குகிறீர்கள். குப்பை ஒன்றுதான்.

திருச்சி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

இரவெல்லாம் யோசித்தேன். 'தூக்குப்பெட்டி' என்று வைக்கலாம்.

தூக்குச்சட்டி, தூக்குவாளி நம் வீட்டுச் சொற்கள். கையில் பிடித்துத் தூக்கிப் போகும் கலம் என்ற பொருள் யாரும் விளக்காமலே புரியும். ஆனால் நான் இதைப் பரிந்துரைப்பது அதற்காக மட்டுமல்ல. தூக்கு என்பது பாட்டின் ஓசையளவைக் குறிக்கும், இசையோடு பிறந்த சொல். தொல்காப்பியர் செய்யுளியலில் உறுப்புகளை அடுக்கும்போது 'மரபே தூக்கே' என்கிறார். பதிற்றுப்பத்தில் பாட்டின் அடியில் துறை, வண்ணம் இவற்றோடு தூக்கும் குறிக்கப்பட்டிருக்கும், பெரும்பாலும் செந்தூக்கு. சிலப்பதிகார உரைமரபில் தூக்கு ஏழு வகை. மதலைத்தூக்கு, துணிபுத்தூக்கு, நிவப்புத்தூக்கு, நெடுந்தூக்கு என்று போகும். நிறுத்தல் என்ற பொருளும் உண்டு. பாட்டை நிறுத்துப் பார்ப்பது, எடையைத் தூக்கிப் பார்ப்பது இரண்டுக்கும் ஒரே வேர். எடையும் இசையும் சேர்ந்த பெட்டிக்கு இதைவிடப் பொருத்தம் ஏது?

இன்னொன்றும் தோன்றியது. அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் அரங்கின் அளவைச் சொல்கிறார்: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். கோல் என்பது இருபத்து நான்கு விரல். விரலுக்கு முக்கால் அங்குலம் என்று வைத்தால் கோல் ஒன்றரை அடி. அரங்கம் பத்தரை அடிக்குப் பன்னிரண்டு அடி. அதில் குழலோன், யாழாசிரியன், தண்ணுமையோன், இசையாசிரியன் எல்லாரும் இருந்தார்கள்! மதுரை நண்பர் சொல்லட்டும், இந்த அளவு மேடைக்கு எந்தப் பெட்டி போதும்?

மதுரை ஒலி அமைப்பாளர்:

ஐயா, பத்தரைக்குப் பன்னிரண்டு என்றால் இன்றைக்கு ஓட்டல் மேடை. எட்டு அங்குலப் பெட்டி ஒன்று போதும். பின்னால் வைத்தால் தண்ணுமைக்காரருக்கும் கேட்கும், வாசிப்பவருக்குக் கேட்பதற்கென்று வைக்கிற தனி மானிட்டர் ஸ்பீக்கர் வேண்டாம். ஆனால் யாழாசிரியரின் மைக்கை அந்தப் பெட்டியைப் பார்க்க வைக்காதீர்கள், ஊளையிடும்.

டொராண்டோ, வார இறுதிக் கீபோர்டுக்காரர்:

'தூக்குப்பெட்டி' நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கையேட்டின் தலைப்பே மேடை வாசிப்பைப் பற்றியது. 'மேடைத் தூக்குப்பெட்டி' என்று ஒரு வரி வராமலா போகும்? அடுத்த வரியில் யாராவது சுருக்கித் 'தூக்குமேடை' என்பார்கள். கச்சேரிக்குப் போகிற பிள்ளைக்கு நல்ல சகுனம்.

பெட்டி என்ற பாதி மட்டும் எனக்குச் சம்மதம். ஹாமண்ட் ஆர்கனோடு போகும் லெஸ்லி என்ற ஸ்பீக்கர் பெட்டி 1941-லிருந்து விற்பனையில் இருக்கிறது. உள்ளே ஆம்ப்பும் இருக்கிறது, சுழலும் ஹார்னும் இருக்கிறது. ஆனால் வாசிப்பவர்கள் அதை ஆம்ப் என்று அழைத்து நான் கேட்டதில்லை. லெஸ்லி, இல்லாவிட்டால் அலமாரி என்று பொருள்படும் சொல். ரோட்ஸ் என்ற மின்பியானோவில் ஆம்ப்பும் ஸ்பீக்கரும் அடியிலேயே சேர்ந்து வந்த மாடலுக்குச் சூட்கேஸ் என்றே பெயர். நம் ஊர்களிலும் நாடகக் கொட்டகை ஆர்மோனியம் 'பொட்டி' தானே? அது ஆகாசவாணியில் 1940-லிருந்து 1971 வரை தடைபட்டிருந்தபோதும் கொட்டகையில் பொட்டி பொட்டியாகவே இருந்தது.

கையேட்டுக்கு ஒன்று: கீபோர்டில் இடது வெளியீட்டின் மேல் 'மோனோ' என்றும் எழுதியிருக்கும். ஒரே பெட்டியில் வாசிக்கிறவர் அதை மட்டும் செருக வேண்டும். ஸ்டீரியோ பியானோ ஒலியின் இரண்டு பக்கத்தையும் கண்டபடி ஒரே கம்பியில் சேர்த்தால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், நடு ஸ்தாயி மெலிந்து போகும். மோனோ வெளியீட்டிலும் எல்லா ஒலியும் தப்பிக்காது. அதனால் பியானோ ஒலியைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்தப் பெட்டியில் வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சென்னை, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்:

'ஒலிபெருக்கி'யைத் தவிர்க்க இன்னொரு காரணமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. காவல் நிலைய அனுமதிக்கு எழுதும்போதெல்லாம் இந்தச் சொல்தான் வரும். 'ஒலிபெருக்கி எடுத்து வாருங்கள்' என்று கையேடு சொன்னால் பெற்றோர் கூம்புக் குழாயைத்தான் நினைப்பார்கள். 'தன்பெருக்கு ஒலிப்பெட்டி' எப்படி? பெருக்கியைத் தன்னுள்ளே கொண்ட ஒலிப்பெட்டி.

மதுரை ஒலி அமைப்பாளர்:

கடையில் போய் அதைச் சொன்னால் பெருமாள் கோயிலுக்கு வழி காட்டுவான்.

மட்டுறுத்துநர்:

இழை நீள்கிறது. 'கீபோர்டு' என்பதற்கே 'விசைப்பலகை' வேண்டும் என்று இரண்டு மடல்கள் வந்திருக்கின்றன. நிறுத்தி வைத்திருக்கிறேன். அந்த விவாதம் பழைய இழையில் இருக்கிறது, முடியவில்லை, இங்கே முடியப் போவதும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஆசிரியைக்கு உதவுகிற மடல்களை மட்டும் அனுப்புங்கள்.

கோவை இசை ஆசிரியை:

எல்லாருக்கும் நன்றி. வகுப்பில் கரும்பலகையில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டுக் கேட்டேன். 'தூக்குப்பெட்டி'க்குச் சிரித்தார்கள், ஆனால் புரிந்தது. 'விரியலாக்கி'யை ஒருவரும் ஊகிக்கவில்லை. 'தன்பெருக்கு ஒலிப்பெட்டி'யை ஒரு மாணவி சரியாக விளக்கிவிட்டு, "ஆனா இப்படி யாரும் பேச மாட்டாங்க மிஸ்" என்றாள். 'ஆம்ப் பெட்டி' என்றதும் எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஆகவே: ஆம்ப்பும் ஸ்பீக்கரும் சேர்ந்தது 'ஆம்ப் பெட்டி'. ஆம்ப் இல்லாத வெறும் ஸ்பீக்கர் 'ஒலிப்பெட்டி'. அரங்குக்கான பெரியவை மட்டும் 'ஒலிபெருக்கி'. மறுப்பு உண்டா?

திருச்சி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

உண்டு. 'ஆம்ப்' என்ற சொல்லின் 'ஆ' மொழிக்கு முதலில் வரலாம், ஆனால் முடிவில் நிற்கிற எழுத்தைப் பாருங்கள். தமிழ்ச்சொல் 'ப்' என்று முடியுமா? வடசொல்லையே வடவெழுத்து நீக்கி எடுத்துக்கொள்ளச் சொன்ன இலக்கணம் நம்முடையது. ஆங்கிலச் சொல்லையும் 'ஆம்பு' என்று உகரம் கொடுத்தாவது எழுதுங்கள். அப்போது 'ஆம்புப் பெட்டி'. ஒற்று மிகும்.

சென்னை, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்:

ஆம்ப் என்றால் ஆம்பியரும்தான். வீட்டில் '15 ஆம்ப் பிளக்' என்கிறோம். ஆம்ப் பெட்டி என்றால் ஃபியூஸ் பெட்டியோ என்று ஒருவராவது கேட்பார். ஆனால் வேறு வழி தெரியவில்லை, ஆதரவு.

டொராண்டோ, வார இறுதிக் கீபோர்டுக்காரர்:

ஆதரவு.

மதுரை ஒலி அமைப்பாளர்:

ஆதரவு. உகரம் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. அடுத்து டி.ஐ. பெட்டிக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்? ஆம்ப் பெட்டியிலிருந்தோ கீபோர்டிலிருந்தோ அரங்கு மிக்ஸருக்கு ஒலியை அனுப்ப கீபோர்டில் சொருகுகிற பி38 கம்பியை நீளமாக இழுத்தால் இரைச்சலும் சேர்ந்து வரும். டி.ஐ. பெட்டி அதைக் கேனன் கம்பிக்கு, அதாவது மைக்குக்குப் போடுகிற மூன்று முனைக் கம்பிக்கு, ஏற்ற சமநிலைச் சைகையாக மாற்றும், இரைச்சல் ஒட்டாது. பூமித்தொடர்பைத் துண்டிக்கிற ஸ்விட்சும் அதில் இருக்கும், அந்த 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' போய்விடும். 50 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட 'ஜி', கொஞ்சம் ஏறியது. பாட்டு எந்தச் சுருதியில் இருந்தாலும் அபசுரம்தான். கரன்ட் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் யாரும் பிடுங்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் போடுங்கள். ஷாக் அடித்தால் கலைச்சொல் காப்பாற்றாது.

கோவை இசை ஆசிரியை:

'டி.ஐ. பெட்டி' என்றே விட்டிருக்கிறேன் அண்ணா. எர்த் எச்சரிக்கை சேர்த்தாயிற்று. உகரம் வேண்டாம் என்று முடிவு, ஐயா மன்னிக்க வேண்டும். பக்கம் கட்டுபவர் ஏற்கெனவே 'ஆம்ப்' என்று எல்லா இடத்திலும் மாற்றிவிட்டார்.

திருச்சி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். அடுத்த பதிப்பில் பார்ப்போம். மூன்றாம் பக்கத்து ஒற்றையாவது நீக்கினார்களா?

யாழ்ப்பாணம், இயற்பியல் ஆசிரியர்:

எனக்கும் உடன்பாடில்லை, ஆனால் மறிக்கவில்லை. கையேடு பிரயோசனமானது. எங்கள் பள்ளிக்கூடத்தில் பிரதி எடுக்கும்போது 'ஆம்ப் பெட்டி' வரும் இடமெல்லாம் 'விரியலாக்கிப் பெட்டி' என்று மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டும்.

கோவை இசை ஆசிரியை:

தாராளமாக. கோப்பை அனுப்பி வைக்கிறேன்.