புதுப்பிப்பு: இணையவழி ஹேக்கத்தானில் சமர்ப்பிப்பு நேரக் குழப்பம் தீர்ந்தது

பினாங்கு மாணவர்களும் சென்னைக் குழுக்களும் சேர்ந்து பங்கேற்கும் ஹேக்கத்தானில் (குறுகிய நேரத்தில் மென்பொருள் உருவாக்கும் போட்டி), சமர்ப்பிக்கக் கடைசி நேரம் எது என்ற குழப்பத்துக்கு வழி கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

'நள்ளிரவு' என்று எழுதாமல் இரு நாட்டு நேரத்தையும் போடச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. ஞாயிறு இரவு 9.00 மலேசியா, மாலை 6.30 இந்தியா. இந்த முறை யாரும் தாமதமாகவில்லை, சண்டையும் இல்லை.

எதிர்பாராதது வேறு. செயல்விளக்க வீடியோவையும் நிரல்களைச் சேர்த்துவைக்கும் கோட் களஞ்சியத்திலேயே போட்டுவிட்டார்கள் இரண்டு குழுவினர். 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை, களஞ்சியத்தை ஏற்றிவைக்கும் தளமான கிட்ஹப் ஏற்காது. கோப்பை அழித்துவிட்டு மறுபடி கமிட் செய்தாலும் (மாற்றத்தைப் பதிவுசெய்தாலும்) பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும்; அதையும் நீக்கிய பிறகுதான் ஏற்றம் நடந்தது. பிள்ளைகள் பதறிப்போனார்கள், பாவம். அடுத்த முறை வீடியோவுக்கு இணைப்பு மட்டும்தான் கேட்பேன்.