ஆன்லைன் ஒத்திகைச் செயலிக்கு ஆளுக்கு 10 டாலர் சந்தா கேட்கிறார்கள். குழுவாகக் கட்டலாமா, விட்டுவிடலாமா?

தலவாக்கலை_கீபோர்ட்:
எங்கள் குழுவில் 5 பேர். நான் கீபோர்ட். பாடுகிற தங்கச்சி பதுளையில். தப்பு மேளமும் ரிதம் பேடும் வாசிக்கிற தம்பிக்குக் கொழும்பில் கடை வேலை, தோட்டப் பக்கம் வருவது திருவிழாவுக்கும் தீபாவளிக்கும்தான். கல்யாணக் கச்சேரி என்றால் முதல் நாள் ராத்திரிதான் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்போம். அதனால் ஒத்திகை முழுக்க ஒரு ஆன்லைன் செயலியில் நடக்கிறது. இவ்வளவு நாளும் இலவசம். இப்போது மெயில் வந்திருக்கிறது: அடுத்த மாதத்திலிருந்து ஆளுக்கு 10 டாலர், மாதா மாதம்.

10 டாலர் என்றால் சுமார் 3,000 ரூபா. தேயிலைக் கொழுந்து எடுக்கிற ஒருவருக்குக் கிட்டத்தட்ட 2 நாள் சம்பளம். 5 பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆடி மாதத்தில் ஒரு கல்யாணமும் இருக்காது, அப்போதும் கார்டில் வெட்டிக்கொள்வார்கள்.

காசே கேட்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சேர்வர் சும்மா ஓடாது, எழுதியவர்களும் சாப்பிட வேண்டும். தலை எண்ணிக் காசு வாங்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சேர்ந்து வாசிக்கத்தானே இந்தச் செயலி? தனியாக வாசிக்க எனக்கு இது எதற்கு? சவுண்ட் செட் வாடகைக்கு எடுத்தால் ஒரு மேடைக்கு இவ்வளவு என்று பேசுகிறோம், மைக் பிடிக்கிற ஆளை யாரும் எண்ணுவதில்லை.

இன்னொன்று. இப்போதே தாளம் சேரவில்லை. தம்பியின் அடி எனக்குப் பிந்தி வருகிறது. நான் அவனுக்காகக் கொஞ்சம் இழுக்க, அவன் எனக்காக இழுக்க, குத்துப் பாட்டு தாலாட்டு ஆகிவிடுகிறது. காசு கட்டினால் இது சரியாகுமா?

ஹட்டன்_சவுண்ட்காரன்:
கட்டுங்கள் தம்பி. இதே மாதிரிச் செயலியான ஜாம்கசாமும் முதலில் இலவசமாக இருந்து, கொரோனாக் காலத்துக் கூட்டத்துக்குப் பிறகு சந்தாவுக்கு வந்ததுதான். கூட்டம் கூடினால் சேர்வர் பில்லும் கூடும். ஆனால் ஒரு ஆள் கட்டி, மற்ற 4 பேரும் விருந்தாளியாக உள்ளே வரலாமா என்று முதலில் கேளுங்கள். சில செயலிகளில் அப்படி வழி இருக்கிறது.

பண்டாரவளை_வயர்மேன்:
அண்ணே, கட்டுவதற்கு முன்னால் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: சேர்வர் எந்த ஊரில் இருக்கிறது?

ஃபைபரில் சிக்னல் 1 மில்லி செக்கனில் சுமார் 200 கிலோமீட்டர்தான் போகும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். உங்கள் கீபோர்ட் சத்தம் சிங்கப்பூர் போய், திரும்பிக் கொழும்புத் தம்பியின் காதுக்கு வர வயரில் மட்டுமே 27 மில்லி செக்கன். சேர்ந்து வாசிக்க 25, 30க்குள் இருந்தால்தான் தாளம் நிற்கும். அந்த 27க்கு மேல் 4ஜி ரௌட்டர், சவுண்ட் கார்ட் என்று ஒவ்வொன்றும் தன் பங்கைப் போடும். 10 டாலர் இல்லை, 100 டாலர் கொடுத்தாலும் சிங்கப்பூர் கொழும்புக்குக் கிட்ட வராது.

ஆன்லைனில் சேர்ந்து வாசிக்க ஜாமுலஸ் என்ற மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். 2006இல் தொடங்கியது, இலவசம், சேர்வரையும் நாமே ஓட்டலாம். கொழும்பில் ஃபைபர் லைன் இருக்கிற, பப்ளிக் ஐபி (வெளியிலிருந்து நேராக வந்து சேரக்கூடிய இணைய முகவரி) கிடைக்கிற யாராவது ஒருவரின் பழைய கம்ப்யூட்டர் போதும். சோனோபஸ் என்ற செயலியும் இலவசம்தான், சத்தம் நடுவில் சேர்வருக்குப் போகாமல் ஆளுக்கு ஆள் நேராகப் போகும். ஆனால் இங்கே 4ஜி ரௌட்டர்களுக்குப் பெரும்பாலும் அந்தப் பப்ளிக் ஐபி கிடைக்காது, அதனால் இணைப்பு சில நேரம் பிடிக்காது.

ப்ளூடூத் ஹெட்போனைத் தூக்கி அலமாரியில் வையுங்கள். அது ஒன்றே 100 மில்லி செக்கனுக்கு மேல் தின்னும். வைஃபையும் வேண்டாம், ரௌட்டரிலிருந்து வயர் இழுங்கள். எங்கள் ஊரில் ஆறு மணிக்கு மேல் எல்லோரும் போனைப் பார்க்கத் தொடங்கினால் டவரே திணறும். நாங்கள் ஒத்திகையை ஒன்பதரைக்குத் தள்ளிவிட்டோம்.

மஸ்கெலியா_ராகம்:
நேரடியாக வாசிக்கிற ஆசையையே நாங்கள் விட்டாயிற்று. ஒருவர் க்ளிக் (தாளம் எண்ணுகிற டிக் சத்தம்) போட்டு அனுப்ப, மற்றவர்கள் தங்கள் பங்கை அதற்கு மேல் பதிந்து அனுப்புவோம். அதற்குப் பேண்ட்லாப் என்ற பதிவுச் செயலியின் இலவசக் கணக்கே போதுமாக இருக்கிறது. மழையில் லைன் போனாலும் மறுநாள் பதியலாம். தோட்டங்களில் ஆடுகிற காமன் கூத்தின் பாட்டு மட்டும் இப்படி வராது. அது ஆளைப் பார்த்து, அடியைப் பார்த்துப் பாடுகிற விஷயம்.

எதைப் பாவித்தாலும் ஒவ்வொருவர் பதிவையும் தனித்தனி ஃபைலாக உங்கள் டிஸ்கில் இறக்கி வையுங்கள். சவுண்ட்ராப் என்ற பதிவுச் செயலியை ஸ்பாட்டிஃபை 2017இல் வாங்கியது, 2023இல் தொடங்கியவர்களிடமே திரும்பப் போனது. எண்ட்லெஸ் என்ற இசைச் செயலி 2024இல் மூடியே விட்டது. சந்தா கட்டினவனுக்கும் அதே கதிதான்.

தலவாக்கலை_கீபோர்ட்:
கேட்டேன். சேர்வர் சிங்கப்பூரில்தானாம். குழுவுக்கு ஒரே விலை வைக்கச் சொல்லியும் எழுதினேன், அதற்கு “பரிசீலிக்கிறோம்” என்று ஒரு வரி வந்தது.

தம்பி தங்கியிருக்கிற வீட்டில் ஃபைபர் இருக்கிறது. வீட்டுக்காரர் சரி என்றதும் ஜாமுலஸ் சேர்வரை அங்கேயே போட்டோம். நேற்று ராத்திரி பத்து மணிக்கு வாசித்தோம். தப்படி கீபோர்டோடு ஒட்டி வந்தது. பதுளைத் தங்கச்சி இன்னும் வைஃபையில்தான், அவள் குரல் மட்டும் நடுவில் வெட்டுகிறது. டேட்டா மணிக்கு 400 எம்பிக்குக் கிட்டப் போகிறது, ராத்திரி பெக்கேஜில் சமாளிக்கலாம். தப்புச் சத்தம் மைக்கில் கிழிந்து கேட்டதால் மைக்கைத் தோலுக்கு நேரே வைக்காமல் ஓரமாகத் தள்ளி வைத்தான்.

குழுவுக்கு மாதம் 10 டாலர் என்றால் அந்தச் செயலிக்கு இன்றைக்கே கட்டுவேன், அதில் பதிவு செய்வது லேசு. ஆளுக்கு என்றால் முடியாது.

தங்கச்சியின் ரௌட்டர் ஜன்னலோரம் இருக்கிறது, அவள் பாடுவது பின் அறையில். 20 மீட்டர் லேன் வயர் இழுத்தால் தாங்குமா?

பண்டாரவளை_வயர்மேன்:
100 மீட்டர் வரைக்கும் தாங்கும் அண்ணே. வெளிச்சுவர் வழியாகப் போகிறதென்றால் வெயில் மழை தாங்குகிற கறுப்பு வயராகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.