கிளைகள் தோறும் கண்காணிப்புக் கேமராக்களைப் புதுப்பிப்பது எப்படி?

கேள்வி:
பல கிளைகள் கொண்ட எங்கள் சில்லறை விற்பனை நிறுவனத்தில் அனலாக் கேமராக்களுக்குப் பதிலாக ஐபி கேமராக்களை (கணினி வலையமைப்பில் இணையும் டிஜிட்டல் கேமராக்களை)ப் பொருத்தவிருக்கிறோம். கடைகளை மூடாமலும் பதிவு தடைபடாமலும் இதைச் செய்ய வழி உண்டா?

பதில் 1:
உண்டு, ஐயா. பழைய கேமராக்களின் கோஆக்சியல் கேபிள்கள் நல்ல நிலையில் இருந்தால், என்கோடர் (அனலாக் படத்தை டிஜிட்டலாக மாற்றும் கருவி) வழியாகப் பழைய கேமராக்களையும் புதிய மென்பொருளில் இணைத்துக்கொண்டு, பில் போடும் இடத்திலும் சரக்கு இறக்கும் வாசலிலும் மட்டும் முதலில் புதியவற்றைப் பொருத்துங்கள். கைமாறும் நோட்டின் மதிப்பு படத்தில் தெளிவாகத் தெரிகிறதா என்று இரவு வெளிச்சத்திலும் பாருங்கள். பலரும் இதைச் சோதிப்பதே இல்லை.

பதில் 2:
ஐபி கேமராக்களை இணைக்கும் ஈதர்நெட் கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. அந்தக் கேபிள் வழியே கேமராக்களுக்கு மின்சாரமும் தரும் நெட்வொர்க் சுவிட்சின் மொத்த மின்திறன் எல்லாக் கேமராக்களுக்கும் போதுமா என்றும் கணக்கிடுங்கள்.

பதில் 3:
கேமராக்களுடன் வரும் கடவுச்சொல்லை ஒவ்வொன்றிலும் கட்டாயம் மாற்றுங்கள்.