மறு: சாய்வுப்புலமா, கீற்றுப்புலமா?

அனைவருக்கும் வணக்கம்.

வகைக்கெழுச் சமன்பாட்டின் தீர்வு ஒவ்வொரு புள்ளியிலும் எந்தச் சாய்வில் போகும் என்று குட்டைக் கோடுகளால் காட்டும் படத்துக்கு (slope field) 'சாய்வுப்புலம்' என்ற தமிழ்ச்சொல் போதும் என்று ஐயா நேற்று எழுதியிருந்தீர்கள். சாய்வும் புலமும் பாடநூலில் உள்ள சொற்கள்தான். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை வேளையில் எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) கணிதம் சொல்லித்தருகிறேன். அங்கே இந்தச் சொல்லைச் சொன்னதும் ஒரு மாணவி, "மேட்டு நிலமா, டீச்சர்?" என்று கேட்டாள். சாய்தளம் என்றால் சாய்ந்த தளம். அப்படியானால் சாய்வுப்புலம்? அவள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. உண்மையில் புலம் சாயவில்லை. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குட்டைக் கோடு சாய்ந்து நிற்கிறது.

அதனால்தான் கீற்றுப்புலம் என்கிறேன். திருநீற்றுக் கீற்று, ஒளிக்கீற்று என்று நாம் புழங்கும் அதே கீற்று. தென்னங்கீற்று குறுக்கே வருமே என்பீர்கள். வகுப்பில் ஒருவர்கூடக் குழம்பவில்லை.

இங்கே இப்போது செம்பனைதான் அதிகம். ஆனாலும் ரப்பர் நிரை எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். மரத்துக்கு மரம் பால் எடுக்கும் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும், எல்லாம் ஏறக்குறைய ஒரே சரிவில். சாய்வு மாறிலியாக இருக்கும் சமன்பாட்டின் படம் அதுதான் என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

அப்புறம் கட்டத்தாளில், ஒய்யின் வகைக்கெழு, அதாவது சாய்வு, 'எக்ஸ் கழித்தல் ஒய்' என்று எடுத்துக்கொண்டோம். ஆதிப்புள்ளியில் சாய்வு 0, கீற்று படுத்திருக்கிறது. எக்ஸ் 1, ஒய் 0 என்ற இடத்தில் சாய்வு 1. எக்ஸ் 2, ஒய் 1 என்ற இடத்திலும் 1. அடுத்து 3, 2 என்ற இடத்திலும் அதே 1. மூன்று கீற்றும் ஒரே நேர்கோட்டில் விழுந்தன. அந்த மாணவி அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இந்தக் கோடே தீர்வு!" என்றாள். ஆமாம், ஒய் சமம் எக்ஸ் கழித்தல் 1 ஒரு தீர்வு. மற்றத் தீர்வுகள் எல்லாம் எக்ஸ் கூடக்கூட அதை நெருங்கும். இத்தகைய சமன்பாட்டைக் கணக்கிட்டுத் தீர்க்க உதவும் தொகையீட்டுக் காரணியைத் தொடும் முன்பே அதைக் கண்ணால் பார்த்துவிட்டாள்.

வகைக்கெழு, வகையீடு என்ற தமிழக, இலங்கை வழக்கு இரண்டோடும் கீற்றுப்புலம் பொருந்தும். ஒரே சாய்வுள்ள புள்ளிகளை இணைக்கும் கோட்டைச் 'சமசாய்வுக்கோடு' எனலாமா? அதிலாவது ஐயாவும் நானும் ஒத்துப்போவோம் என்று நினைக்கிறேன்.